ஓட்டத் தெரியாதவரின் இருக்கை

அன்புள்ள ஐயா,

நானும் என் நண்பனும் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஒன்றாக இருப்பவர்கள். இருவருக்கும் வயது 58. வரும் அக்டோபரில் நாகர்கோவிலிலிருந்து காரிலேயே ஸ்ரீநகர் வரை போவதாகத் திட்டம். அவனால் கடையை 15 நாள்தான் மகனிடம் விட்டுவர முடியும். ஐந்து நாளில் போய், ஐந்து நாள் இருந்து, ஐந்து நாளில் திரும்பலாம் என்கிறான். கார் அவனுடையது, ஓட்டப்போவதும் அவன்தான். எனக்கு ஓட்டத் தெரியாது. வங்கி வேலையில் ஜபல்பூரில் இருந்ததால் இந்தி பேசுவேன், அவ்வளவுதான். "அத்தனை நாளும் சும்மா உட்கார்ந்துகொண்டு போவதற்கு, விமானத்தில் போய் அவரோடு சேர்ந்துகொள்ளுங்களேன்" என்கிறார்கள் வீட்டில். இத்தனை வருட நட்பு காருக்குள் கெட்டுப்போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது. அந்தச் சாலையில் நண்பரோடு போனவர் நீங்கள். என்ன சொல்கிறீர்கள்? அவனும் உங்களை வாசிப்பவன். அதனால் என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகர், நாகர்கோவில்

---

அன்புள்ள நண்பருக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். ஆனால் ஊர், கடை, வயது, ஜபல்பூர் என்று இத்தனையும் இருக்கும்போது உங்கள் நண்பர் கண்டுபிடிக்காமலா இருப்பார்? படிக்கட்டும். இதில் பாதி அவருக்கும் சேர்த்துத்தான்.

விமானம் வேண்டாம், காரிலேயே போங்கள். ஒரே ஒரு நிபந்தனை. ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம், இரவு எந்த ஊரில் தங்குவது என்ற முடிவு ஓட்டாதவர் கையில் இருக்க வேண்டும். அதாவது உங்கள் கையில். இதைக் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

ஓட்டுகிறவருக்குச் சாலை ஒரு போதை. நால்வழிச்சாலையில் வண்டி சீராக ஓட ஆரம்பித்துவிட்டால் நிறுத்த மனம் வராது. "இன்னும் ஐம்பது கிலோமீட்டர் போய்விடுவோம்" என்பார். அந்த ஐம்பது முடிந்ததும் இன்னொரு ஐம்பது. அவருடைய களைப்பு அவருக்குக் கடைசியில்தான் தெரியும், பக்கத்தில் இருப்பவருக்கு முதலிலேயே தெரிந்துவிடும். பதில்கள் ஒற்றை வார்த்தையாகும். வழிவிடாத லாரிக்காரரின் பரம்பரையே வசவு வாங்கும்.

நான் போனபோது என் நண்பன் ஆதிலாபாத் தாண்டும் நேரத்தில் பொழுது சாய்ந்துவிட்டது. நாக்பூருக்கு இன்னும் சுமார் 200 கிலோமீட்டர். மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்றான். விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரியும், நடுச்சாலையில் படுத்திருக்கும் மாடும் அவன் கணக்கில் வரவில்லை. தங்கிவிடுவோம் என்றேன். தங்கினோம். அன்று இரவு அவன் என்னோடு பேசவில்லை. இன்றைக்கும் யாராவது நாக்பூர் என்று சொன்னால், "அன்னைக்கே போயிருக்கலாம்" என்று ஆரம்பிப்பான். இந்த அளவு மனத்தாங்கல் இருந்துவிட்டுப் போகட்டும், ஒன்றும் கெடாது.

இப்போது ஐந்து நாள் கணக்குக்கு வருவோம். நீங்கள் போகப்போகும் தேசிய நெடுஞ்சாலை 44 சுமார் 3,700 கிலோமீட்டர். ஐந்தால் வகுத்தால் தினமும் 740. காகிதத்தில் முடியும். நாகர்கோவிலிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 660, அங்கிருந்து ஹைதராபாத் 570, அப்புறம் நாக்பூர் 500 என்று பார்க்கும்போது முடியும் என்றே தோன்றும். சிக்கல் ஜம்முவுக்கு மேலே இருக்கிறது. சேனானி–நாஷ்ரி சுரங்கப்பாதை 2017-இல் வந்துவிட்டது, சுமார் 9 கிலோமீட்டர். பனிஹால்–காசிகுண்ட் சுரங்கம் 2021-இல் திறந்தது, எட்டரை கிலோமீட்டர். இவை இரண்டும் நேரத்தை நிறையக் குறைத்துவிட்டன, உண்மைதான். ஆனால் நடுவில் ராம்பன் பக்கம் மலை அடிக்கடி சரியும். ஒரு நல்ல மழை பெய்தால் சாலையை மூடிவிடுவார்கள். நீங்கள் போவது ஆப்பிள் பருவம் வேறு. எதிரே லாரிகள் வரிசைகட்டி இறங்கும். அந்த இடத்தில் கையில் ஒரு நாள் உபரியாக இல்லாதவர்தான் கூட வந்தவர்மேல் எரிந்து விழுவார்.

மேலே போக பத்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் நிற்க வேண்டிய இடங்கள் அவ்வளவு இருக்கின்றன. ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததும் கொடிகொண்டா சோதனைச்சாவடியில் பிரிந்தால் கொஞ்ச தூரத்தில் லேபாக்ஷி கோயில். தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் தூணுக்கடியில் எல்லோரும் துணியை இழுத்துப் பார்ப்பார்கள். நீங்கள் மண்டபத்தின் கூரை ஓவியங்களைப் பாருங்கள். கர்னூலுக்குப் பக்கத்தில் துங்கபத்திரைக் கரையில் ஆலம்பூர், சாளுக்கியர் காலத்து நவபிரம்மா கோயில்கள். கூட்டமே இருக்காது.

நாக்பூர் தாண்டினால் பெஞ்ச் காடு. அங்கே சாலையைத் தூக்கிப் பாலமாகக் கட்டி, விலங்குகள் கீழே கடந்துபோக வழி விட்டிருக்கிறார்கள். புலிகள் அதைப் பயன்படுத்துவது கேமராவில் பதிவாகியிருக்கிறது. ஆனால் மேலே போகிற உங்களுக்கு ஒன்றும் தெரியாது, அதனால் பாலத்தில் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்க்க வேண்டாம். ஜான்சியில் தங்காமல் பக்கத்திலேயே ஓர்ச்சாவில் பேத்வா ஆற்றங்கரையில் தங்குங்கள். முடிந்தால் அங்கே இரண்டு இரவு. இந்த ஒன்றில் மட்டும் நண்பர் மறுத்தாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். தோல்பூர் பக்கம் சம்பல் பள்ளத்தாக்குகள் சாலையிலிருந்தே தெரியும். டெல்லியை எவ்வளவு சீக்கிரம் கடக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. அதற்கு மேலே முர்தல் தாபாக்களில் வெண்ணெயோடு பராட்டா. பானிபட், கர்னால் பக்கம் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் முகலாயர் காலத்துக் கோஸ் மினார்கள் தென்படும். அந்தக் காலத்து மைல்கல், உயரம் மட்டும் சுமார் முப்பது அடி.

காஷ்மீருக்குள் இறங்கியதும் சங்கம் என்ற ஊருக்கு அருகே கிரிக்கெட் மட்டைக்கான வில்லோ மரப் பலகைகளைக் காயவைத்து அடுக்கியிருப்பார்கள். அக்டோபர் கடைசியில் போனால் பாம்பூரில் குங்குமப்பூ வயல்கள் பூத்திருக்கும். அதற்கேற்ப கிளம்பும் தேதியைப் பாருங்கள்.

"சும்மா உட்கார்ந்து" என்று வீட்டில் சொன்னார்களே, சேலம் தாண்டுவதற்குள் அது பொய்யாகிவிடும். வழி பார்ப்பது, ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று பார்ப்பது, அறை பேசுவது எல்லாம் உங்கள் வேலை. தெலுங்கு நாட்டைத் தாண்டிவிட்டால் பஞ்சர் கடையில் பேசப்போகிறவரும் நீங்கள்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டுகிறவர் கண் சொருகும் நேரத்தில் நீங்கள் தூங்கவே கூடாது. ஜம்மு காஷ்மீரில் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது, யாராவது ஒருவரிடம் போஸ்ட்பெய்டு இருக்கட்டும்.

பணத்துக்கு ஒரு பொதுப் பை போதும். இருவரும் சமமாகப் போடுங்கள், நீங்கள் வைத்திருங்கள். டீசல், சுங்கம், அறை, சாப்பாடு அதிலிருந்து. "கார் என்னுடையது, டீசலாவது நான் போடுகிறேன்" என்று அவர் பெருந்தன்மை காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்புறம் தூரத்தை முடிவு செய்யும் உரிமை உங்களிடம் நிற்காது. குறட்டை விடுகிறவர் யாரென்று எனக்குத் தெரியாது, நாலு நாளுக்கு ஒருமுறை தனித்தனி அறை எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, பத்து நாளில் போனால் திரும்புவது எப்படி? ஸ்ரீநகரில் இரண்டு நாள். அங்கிருந்து டெல்லிக்கு மூன்று நாள். டெல்லியில் காரை லாரியில் ஏற்றி ஊருக்கு அனுப்பும் நிறுவனங்கள் இருக்கின்றன. காரை அவர்களிடம் கொடுத்துவிட்டு இருவரும் திருவனந்தபுரத்துக்கு விமானம் ஏறுங்கள். 15 நாள் சரியாக வருகிறது. தன் கார் லாரியில் ஏறி வருவதா என்று உங்கள் நண்பர் குதிப்பார். ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டரையும் 58 வயதில் தனியாளாக ஓட்டுவதாக அவர் நினைத்திருப்பதை அண்ணிக்குச் சொல்லிவிட்டீர்களா என்று மட்டும் கேளுங்கள்.

அன்புடன்.