பேஸ்ட் தேய்த்தால் வெள்ளைத் திட்டு போகுமா?

கேள்வி: மகளுக்கு ஏழு வயது. புதிதாக முளைத்த முன்பல் இரண்டிலும் சுண்ணாம்பு தெறித்த மாதிரி வெள்ளைத் திட்டு. ‘14 நாளில் மறையும்’ என்ற ஜெல்லை ஆன்லைனில் 1,350 ரூபாய்க்கு வாங்கினேன். டியூப் தீர்ந்துவிட்டது, திட்டு அப்படியே இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள், அம்மா. தப்பு உங்கள் மேல் இல்லை. என் மகனுக்காக நானும் இப்படி ஒரு ஜெல் வாங்கினேன். தடவியதும் திட்டு மங்கிவிட்டது, வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அரைமணி கழித்து அவனை ஜன்னலோரம் நிறுத்தி, பஞ்சால் பல்லைத் துடைத்துப் பார்த்தேன். திட்டு முன்னைவிடப் பளிச்சென்று தெரிந்தது. பல் ஈரமாக இருந்தால் திட்டு மங்கும், காய்ந்தால் எடுப்பாகத் தெரியும். விளம்பரத்தில் போடும் ‘முன்’, ‘பின்’ படங்களை இனி அந்தக் கண்ணோடு பாருங்கள்.

நிலைத்த முன்பல்லின் எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேல் உறை, பிறந்த சில மாதங்களில் தாடைக்குள்ளேயே உருவாக ஆரம்பித்து நாலைந்து வயதுக்குள் முடிந்துவிடும். அந்த வயதில் ஃபுளோரைடு (நிலத்தடி நீரில் இயற்கையாகவே இருக்கும், சொத்தையைத் தடுக்கப் பேஸ்டிலும் அளவாகச் சேர்க்கும் உப்பு) அதிகமான தண்ணீர் குடித்திருந்தாலோ, பேஸ்டை விழுங்கிக்கொண்டே இருந்திருந்தாலோ இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திட்டு விழலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அந்தப் பக்கம் இருந்துவிட்டு மலைக்கு வந்த குடும்பம் என்றால், பழைய ஊர்த் தண்ணீரின் அடையாளம் இப்போது முளைக்கும் பல்லில் தெரியும். ஒரே ஒரு பல்லில் மட்டும் என்றால், பால்பல்லில் எப்போதோ பட்ட அடியாக இருக்கலாம். ஈறு ஓரத்தில் சொரசொரப்பான வெள்ளைக் கோடு என்றால் அது சொத்தையின் ஆரம்பம். பல் டாக்டர் பூசும் ஃபுளோரைடு வார்னிஷ் வைத்து, ஒழுங்காகத் துலக்கினால் அதை அங்கேயே நிறுத்தலாம். எது என்று அரசு மருத்துவமனைப் பல் பிரிவில் காட்டுங்கள். ஆர்டர் விவரம், பில், விளம்பரப் படம் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: டியூபின் அடியில் பச்சைக் கட்டம் இருந்தால் இயற்கை, கறுப்பு என்றால் கெமிக்கல். உண்மையா?
– குன்னூர்

பதில்: இல்லை. டியூபை எங்கே வெட்டி ஒட்டுவது என்று மெஷினுக்குக் காட்டும் குறி அது.

கேள்வி: பையன் பல்லில் திட்டுக்குக் காரணம் தண்ணீர்தான் என்று சொல்லி, 21,000 ரூபாய்க்கு ஆர்.ஓ. மெஷின் மாட்டிவிட்டுப் போனார்கள். திட்டு எப்போது போகும்?
– கொடைக்கானல்

பதில்: போகாது. ஏற்கெனவே உருவான பல்லை வடிகட்டிய தண்ணீர் மாற்றாது. தண்ணீரைச் சோதிக்காமல் மெஷின் வாங்கலாமா? குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் இப்போதாவது கொடுத்துப் பாருங்கள். ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 1.5 வரை.

கேள்வி: சின்னப் பிள்ளைகளுக்கு விலை கூடின கிட்ஸ் பேஸ்ட்தான் வாங்க வேண்டுமா?
– கூடலூர்

பதில்: பேஸ்ட் அட்டையில் பிரஷ் முழுக்க அலை அலையாகப் பேஸ்ட் வைத்த படம் இருக்கிறதே, அதன் மேல் எனக்குப் பல வருடக் கோபம். மூன்று வயதுக்குள் ஓர் அரிசி அளவு போதும். மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி. படத்தில் இருப்பது அதைப்போல எத்தனை மடங்கு! அதைப் பார்த்துத்தானே நாமும் பிதுக்குகிறோம்? போதாததற்கு ஸ்ட்ராபெர்ரி வாசனை வேறு. துப்பத் தெரியாத பிள்ளை மிட்டாய் மாதிரி விழுங்குகிறது. பிள்ளை விழுங்கக் கூடாத பொருளுக்கு மிட்டாய் ருசி எதற்கு? ஃபுளோரைடு எவ்வளவு என்பதையோ எறும்பு சைஸ் எழுத்தில் டியூபின் மடிப்பு ஓரத்தில் ஒளித்து வைக்கிறார்கள். நம் நாட்டில் அது 1000 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) மேல் போகக் கூடாது. கடையில் நின்று அந்த எண்ணையும் காலாவதித் தேதியையும் படியுங்கள். பொம்மைப் படத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். அப்புறம், பிரஷில் பேஸ்ட் வைக்கிற வேலை பெரியவர்களுடையது.

கேள்வி: மகளின் திட்டை லேசரில் எடுப்பதாக ஒரு கிளினிக்கில் 8,000 அட்வான்ஸ் வாங்கினார்கள். மூன்று மாதமாக இழுத்தடிக்கிறார்கள். ரசீது தரவில்லை, ஜி-பேயில் அனுப்பினேன். தேயிலை பறித்துச் சேர்த்த பணம்.
– ஊட்டி

பதில்: தேயிலை பறித்துச் சேர்த்த பணம் என்று எழுதியிருந்தீர்கள். அதை விட்டுவிடாதீர்கள். ஜி-பே பதிவும் சாட்சிதான். பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் ஊட்டியிலேயே இருக்கிற மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் மனு கொடுக்கலாம். காசு வாங்கிச் செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்தின்படி சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது.

கேள்வி: மார்க்கெட்டில் வாங்கிய கரிப்பொடியைப் பிள்ளைக்குத் தேய்த்தேன். திட்டு போகவில்லை, பல் கூசுகிறது. லேபிள் இல்லை, பில்லும் இல்லை. யாரிடம் கேட்பது?
– குன்னூர்

பதில்: பெயரே இல்லாத பொடியைப் பிள்ளை வாயில் போட்டுவிட்டு யாரிடம் கேட்பீர்கள்? கரி எனாமலைத் தேய்க்கும். இன்றோடு நிறுத்திவிட்டு நாளைக்குக் காலையில் பல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.