ஐயர் பெயரில் வந்த அவசரச் செய்தி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் சேகர (சில சபைகள் சேர்ந்த திருச்சபைப் பிரிவு) குருவானவரின் வாட்ஸப் எண்ணிலிருந்தே, 'ஒரு நோயாளிக்கு அவசரமாக 15,000 ரூபாய் வேண்டும், மாலையில் தருகிறேன்' என்று சபையார் பலருக்குச் செய்தி போனது. மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். ஐயரோ (குருவானவரை அப்படித்தான் அழைப்போம்) தாம் எதுவும் கேட்கவில்லை என்கிறார். என்ன செய்வது?
– சேகரக் கமிட்டிச் செயலர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: முதலில் பணம். அனுப்பிய மூவரும் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்கட்டும். யூபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண், தேதி, நேரம், தொகை கையில் இருக்கட்டும். தத்தம் வங்கிக்கும் சொல்லட்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழியுண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்து கமிட்டியில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவிடாதீர்கள்.

அடுத்து ஐயரின் எண். வாட்ஸப் அனுப்பிய 6 இலக்கக் குறியீட்டை யாரிடமோ சொல்லியிருப்பார். அல்லது கூரியர் ஆள்போலப் பேசியவன் சொன்னபடி *21* என்றோ *401* என்றோ தொடங்கும் எண்ணை அழுத்தியிருப்பார். இரண்டாவது வகையில் அவருக்கு வரும் அழைப்புகள் திருடனுக்குத் திரும்பிவிடும். குறியீட்டை அழைப்பு மூலமும் வாட்ஸப் சொல்லும் என்பதால், அது நேரே அவன் காதில் விழும். அதனால் முதலில் ##002# அழுத்தி, அழைப்புத் திருப்பல் நின்றதா என்று சிம் நிறுவனத்திடம் உறுதிசெய்யுங்கள். பிறகு அதே எண்ணை வாட்ஸப்பில் மறுபடி பதிந்து, எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீட்டை இட்டால் திருடன் வெளியேறிவிடுவான். அவன் இருபடிச் சரிபார்ப்பு எண் (குறியீட்டுக்கு மேல் வாட்ஸப் கேட்கும் ரகசிய எண்) வைத்திருந்தால் ஐயர் 7 நாள் காத்திருக்க நேரும். அப்போதும் அவனால் உள்ளே இருக்க முடியாது. உள்ளே போனதும் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியில் தெரியாததை நீக்கி, தமக்கென ஓர் இருபடி எண்ணை வைக்கட்டும்.

அதுவரை எல்லாக் குழுக்களிலிருந்தும் அந்த எண்ணை நீக்குங்கள். இல்லாவிட்டால் மற்றவர்களிடமும் குறியீடு கேட்பான். வாலிபர் குழு, பாடகர் குழு எல்லாவற்றுக்கும் ஐயர் ஒருவரே அட்மினாக இருந்தால் இதைச் செய்யவே முடியாது, ஆலய ஒலிபெருக்கியில் அறிவிக்க வேண்டியதுதான். இனி ஒவ்வொரு குழுவுக்கும் இன்னோர் அட்மினையும் போடுங்கள்.

'ஐயரிடமே போன் செய்து கேட்பதா' என்ற கூச்சத்தை நம்பித்தான் இந்தத் திருட்டே நடக்கிறது. கூச்சத்தை அவர்தான் போக்க முடியும். 'காணிக்கை சேகரக் கணக்குக்கு மட்டும், ரசீதோடு. என் எண்ணில் பணம் கேட்டால் நம்பாதீர்கள்' என்று ஆராதனையில் அவரே சொல்லட்டும்.

கேள்வி: ஆலயம் கட்ட 40,000 டாலர் தருவதாக வெளிநாட்டு நற்செய்தி ஊழியர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியுள்ளார். பரிமாற்றக் கட்டணமாக 28,000 ரூபாய் கேட்கிறார். அனுப்பலாமா?
– சுயாதீன சபைப் போதகர், தென்காசி

பதில்: அனுப்பாதீர்கள். எஃப்சிஆர்ஏ என்னும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன்அனுமதியோ இல்லாத சபை வெளிநாட்டு நன்கொடை வாங்கவே கூடாது. பதிவு உள்ளவர்களுக்கும் அது முதலில் புதுதில்லி எஸ்பிஐ முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் வரவேண்டும். உங்கள் ஊர்க் கிளையின் கணக்கு எண்ணைக் கேட்கிறார் என்றாலே மோசடி என்று புரிந்துகொள்ளலாம். இந்தியக் குடியுரிமையோடு துபாயில் வேலை செய்பவர் தம் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் காணிக்கைக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவருடைய பாஸ்போர்ட் நகலை வாங்கி வையுங்கள்.