அமெரிக்க அணு நீர்மூழ்கிக் கப்பலில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு வேலை எப்படி இருக்கும்?

நாள் முழுக்க மீட்டரைத் தூக்கிக்கொண்டு அலையும் வேலை என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பாதி வேலை தண்ணீரைச் சோதிப்பதில்.

இந்தப் பணியில் இருப்பவரை ‘இஎல்டி’ (ELT, பொறியியல் ஆய்வகத் தொழில்நுட்பர்) என்பார்கள். நேரடியாக ஆள் எடுப்பதில்லை. அணுப் பிரிவு மெக்கானிக்காகச் சேர வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். தென் கரோலினாவின் கூஸ் கிரீக்கில் அணுசக்திப் பள்ளி சுமார் 6 மாதம், பிறகு நிஜ அணு உலையில் பயிற்சி சுமார் 6 மாதம். அதில் தேறியவர்களில் சிலருக்குத்தான் இஎல்டி படிப்பு.

கப்பலில் தினசரி வேலை, உலைத் தண்ணீரையும், உலை வெப்பத்தால் நீராவி உண்டாக்கும் நீராவிக் கலனின் தண்ணீரையும் சோதிப்பது. மாதிரி எடுக்குமுன் குழாயில் தேங்கியதை வெளியேற்றாவிட்டால், நீங்கள் அளப்பது பழைய தண்ணீர். நீராவியைக் கடல்நீரால் குளிர்வித்து மறுபடி தண்ணீராக்கும் கண்டென்சரில் கடல்நீர் கசிந்தால் குளோரைடு ஏறும். கவனிக்காவிட்டால் நீராவிக் கலன் குழாய்கள் விரிசல் விடும்.

உலை ஓடும்போது பெரிய தொல்லை, உலைத் தண்ணீரில் உருவாகும் கதிரியக்க நைட்ரஜன்-16. அரை ஆயுள் (பாதியாகக் குறைய ஆகும் நேரம்) சுமார் 7 நொடி என்பதால் உலையை நிறுத்திய சில நிமிடங்களில் அது இல்லை. மிஞ்சுவது கோபால்ட்-60, அரை ஆயுள் 5.27 ஆண்டு. வால்வுகளின் கடின உலோகப் பூச்சு தேய்ந்து, அந்தத் துகள் உலைக்குள் போய் கதிரியக்கம் பெற்று, குழாய் வளைவுகளில் படிந்துவிடும். பழுதுபார்ப்பின்போது டோஸ் (உடம்பில் படும் கதிர்வீச்சு அளவு) வருவது பெரும்பாலும் இதனால்தான்.

கதிரியக்க மாசு பார்க்க, 100 சதுர சென்டிமீட்டர் பரப்பை வட்டத்தாளால் துடைத்து, அந்தத் தாளின் கதிர்வீச்சைக் கருவியில் எண்ணுவார்கள். உடம்பைச் சோதிக்கும்போது புரோபை (மீட்டரின் உணர்கருவி) அரை அங்குல இடைவெளியில், நொடிக்கு ஓரிரு அங்குலம் என நகர்த்த வேண்டும். எல்லோரும் செய்யும் தப்பு அவசரம்: மீட்டர் முள் எழும்புவதற்குள் புரோப் அந்த இடத்தைத் தாண்டிவிடும்.

பாலியஸ்டர் சட்டையில் அலாரம் அடித்தால் உடனே பதற வேண்டாம். காற்றில் இயற்கையாக இருக்கும் கதிரியக்க வாயுவான ரேடான் சிதைந்து உண்டாகும் துகள்கள் நிலைமின்சாரத்தால் துணியில் ஒட்டும். அரை மணி நேரம் கழித்து மறுபடி எண்ணுங்கள்; அளவு ஏறக்குறைய பாதியானால் ரேடான், இறங்காவிட்டால்தான் மாசு.

டோஸ் பயம்? விண்கதிரைக் கடல் தடுத்துவிடுகிறது, பாறை, மண்ணின் கதிர்வீச்சும் அங்கே இல்லை. மூழ்கியிருக்கும் கப்பலில் பலருக்குக் கரையில் இருப்பதைவிடக் குறைவாகவே படும். வீட்டைப் பிரிந்து மாதக்கணக்கில் இருப்பதும் தூக்கமின்மையும்தான் ஆளை வாட்டும்.

ஒப்பந்தம் பொதுவாக 6 ஆண்டு. முடித்தவர்களை அணுமின் நிலையங்கள் வேதியியல், கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவுகளில் விரும்பி எடுக்கின்றன. அங்கே பல உலைகளில், அணுப்பிளவைக் கட்டுப்படுத்தத் தண்ணீரில் போரான் கலப்பார்கள். கப்பல் உலையில் அந்தப் பழக்கம் இல்லாததால், நேர்காணலுக்கு முன் அதைப் படித்துவிட்டுப் போங்கள்.