வளைந்த மட்டக்கம்பு: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பண்டாரவளையிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் ஐந்து நண்பர்கள் சனிக்கிழமை இரவுகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடைக் காய் உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு. கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் நான்தான். புத்தகத்தில் இருக்கும் மந்திர ஆயுதங்கள் அலுத்துப்போனதால் நானே முப்பது உருவாக்கினேன். பட்டியலை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நெருப்பு வாள், பனி வாள், மின்னல் ஈட்டி, மனதைப் படிக்கும் மோதிரம் என்று போகும். ஆனால் நண்பர்கள் இரண்டே வாரத்தில் அவற்றை மறந்துவிடுகிறார்கள். வித்தியாசமான ஆயுதத்தை எப்படி யோசிப்பது? தமிழ்ப் பெயர் வைத்தால் சிரிப்பார்களா? காய் உருட்டி ஆயுதம் தேர்ந்தெடுக்கும் அட்டவணைகள் இருக்கின்றன, அவற்றைப் பயன்படுத்தலாமா? இதெல்லாம் வெட்டி வேலை என்று அப்பா சொல்கிறார்.

ஒரு வாசகர்

*

அன்புத் தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் ஒரு கம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேயிலைத் தோட்டத்தில் அக்கா இன்னும் எங்கள் பழைய லயக் காம்பராவில்தான், அந்த வரிசை வீட்டு அறையில்தான், இருக்கிறாள். கூரைத் தகரம் மாற்றுவதற்காக எல்லாவற்றையும் இறக்கியபோது வளையில் செருகியிருந்த அந்தக் கம்பு கிடைத்திருக்கிறது. பஸ்ஸில் யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தாள். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

அப்பா சொல்வது சரிதான், வெட்டி வேலைதான். நான் இத்தனை வருசமாக எழுதுவதும் அதே ரகம். தமிழ்ப் பெயர் வையுங்கள், சிரிக்கிறவன் சிரித்துவிட்டுப் போகட்டும். அட்டவணை பற்றி எனக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை.

ஆனால் உங்கள் பட்டியல் பற்றி இருக்கிறது. முப்பதையும் படித்தேன், தம்பி. கோபித்துக்கொள்ளாதீர்கள், அதில் இருபத்தொன்பது ஒரே ஆயுதம். நெருப்பு என்று எழுதிய இடத்தில் பனி என்றும், பனி என்று எழுதிய இடத்தில் மின்னல் என்றும் மாற்றியிருக்கிறீர்கள். ஒரே சீலையை மூன்று சாயத்தில் முக்கினால் மூன்று சீலையா?

போன வருசம் என் பேரன் விடுமுறைக்கு வந்தபோது இந்த விளையாட்டின் புத்தகத்தை இங்கே விட்டுவிட்டுப் போனான். அடைமழை, கரண்டும் இல்லை. மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி முழுதையும் வாசித்தேன். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் இதை வெளியிட்ட காலத்திலிருந்தே '+1 வாள்' என்று ஒன்று இருக்கிறதாம். இருபது முகக் காயில் ஒரு எண் கூடினால் என்ன ஆகும்? வெல்லும் வாய்ப்பு 5 சதவீதம் ஏறும். 5 சதவீதத்துக்கு மந்திரவாதி எதற்கு? நல்ல சாணைக்கல் போதாதா?

அதே புத்தகத்தில் ஒரு பை இருக்கிறது. 500 இறாத்தல் சாமான் போடலாம், எவ்வளவு போட்டாலும் பை 15 இறாத்தல்தான் கனக்கும். ஆனால் கிழிந்தால் போச்சு, உள்ளே இருந்தது அத்தனையும் வேறொரு உலகத்தில் சிதறிவிடும். ஒரு கோல் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் அந்தரத்தில் அப்படியே நின்றுவிடும், 8000 இறாத்தல் வரை தாங்கும். அவ்வளவுதான் அதன் வித்தை. இரண்டிலும் நெருப்பு இல்லை, மின்னல் இல்லை. என் பேரன் அந்தக் கோலைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினான். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டானாம், அதைப் பிடித்துச் சுவர் ஏறினானாம், பூதத்தின் வாய்க்குள் முட்டுக்கொடுத்தானாம். புத்தகம் பாதியில் விட்டதை அவன் முடித்துக்கொள்கிறான்.

உங்கள் ஆயுதம் ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று முப்பது தடவை எழுதியிருக்கிறீர்கள். என்ன கேட்கும் என்று ஒரு தடவையாவது எழுதினீர்களா? கர்ணனுக்கு இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதம் ஒரே ஒரு தடவைதான் வேலை செய்யும். அர்ச்சுனனுக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்ததை ஒரு ராத்திரி கடோற்கசன் மேல் விடவேண்டியதாயிற்று. அர்ச்சுனன் பிழைத்தான். அதற்கு விலை கட்டியவன் வீமனின் பிள்ளை. அந்த ஆயுதம் எவ்வளவு பலமாக அடிக்கும் என்று யாராவது கேட்டதுண்டா?

விலையைத் தானே கட்டிய ஒருத்தனும் இருக்கிறான், மணிமேகலையில் வரும் ஆபுத்திரன். நாடே வறண்டாலும் இந்த ஓடு வறளாது என்று சொல்லிச் சிந்தாதேவி அவனிடம் ஒரு பாத்திரம் கொடுக்கிறாள். வாங்குகிறவர் கைதான் சலிக்கும், சோறு தீராது. அவனும் மதுரையில் ஊருக்கெல்லாம் போடுகிறான். இந்திரனுக்குப் பொறுக்கவில்லை. என்ன செய்தான் தெரியுமா? பாத்திரத்தைப் பிடுங்கவில்லை, உடைக்கவில்லை. பாண்டி நாட்டில் மழையைப் பெய்யவிட்டான். வயல் விளைந்தது, பசித்தவன் ஒருவன்கூட இல்லை. பாத்திரம் செத்த மாதிரி ஆகிவிட்டது. இவன் பசித்தவர்களைத் தேடிச் சாவகத்துக்குக் கப்பல் ஏறுகிறான். வழியில் மணிபல்லவத்தில் இறங்குகிறான், இவன் ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் போய்விடுகிறது. நயினாதீவுதான் அந்த மணிபல்லவம் என்று நம்மூரில் சொல்வார்கள். ஆளில்லாத தீவு, கையில் அள்ள அள்ளக் குறையாத சோறு. ஊருக்குப் போட்ட பாத்திரத்தை என் ஒரு வயிற்றுக்கு வைத்துக்கொள்ள மாட்டேன் என்று கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்தே செத்துப்போகிறான். ஒரு மந்திரப் பொருளை மழையால் தோற்கடிக்கலாம் என்று யோசித்த புலவனுக்கு முன்னால் உங்கள் பனி வாளைக் கொண்டுபோய் வைக்க முடியுமா, தம்பி?

சரி, கம்புக்கு வருகிறேன்.

எங்கள் தோட்டத்து டிவிசனில் மாசி மாதம் காமன் கூத்து ஆடுவார்கள். உங்கள் ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஆடுவார்கள், ஒரு ராத்திரியாவது போய்ப் பாருங்கள். மன்மதனின் ஆயுதம் கரும்பு வில், வண்டுகள் நாண், பூக்கள் அம்பு. சிவனின் தவத்தைக் கலைக்கத் தேவர்கள் அவனைப் பிடித்துத் தள்ளுகிறார்கள். ரதி போகாதே போகாதே என்று அழுகிறாள். எய்தான், எரிந்தான். ரதி அழுது மீட்டாள், ஆனால் இனி அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான். எய்யச் சொன்ன தேவர்களில் ஒருத்தனுக்கும் ஒரு முடிகூடக் கருகவில்லை.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். எங்கள் குளிருக்குக் கரும்பு விளையாது. கூத்து மாஸ்டர் பதுளைப் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் சொல்லிவைத்து ஒரே ஒரு நல்ல கரும்பை வரவழைத்திருந்தார். மன்மதனை எரிக்கும் தகனத்துக்கு முதல் நாள் ராத்திரி அதை என்னிடமும் பக்கத்து வீட்டுப் பையனிடமும் கொடுத்து, பத்திரமாக வைத்திருங்கள் என்றார். எங்கள் மேல் அவ்வளவு நம்பிக்கை. அடிக்கணுவில் ஒரு கடி கடித்துப் பார்த்தோம், அவ்வளவுதான். விடியும்போது இரண்டு முழம் மிஞ்சியிருந்தது.

மாஸ்டர் அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் வாசல் இஸ்தோப்பில் சாத்தியிருந்த, அப்பாவைப் பெற்ற அப்பாயியின் மட்டக்கம்பை எடுத்தார். மட்டக்கம்பு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கொழுந்து பறிக்கிறவர்கள் தேயிலைச் செடியின் தலையில் படுக்கப் போடும் மெல்லிய கம்பு. அதற்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்பதைக் கிள்ளலாம், கீழே இருப்பதைத் தொடக்கூடாது. மலை முழுக்க மேசை விரித்த மாதிரி மட்டமாகத் தெரிகிறதே, அது இந்தக் கம்பின் வேலை. அப்பாயியுடையது நாலடி நீளம், கைபட்டுக் கைபட்டு எண்ணெய் பூசிய மாதிரி பளபளவென்று இருக்கும். மாஸ்டர் அதை நனைத்து, வளைத்து, கயிறு கட்டி, பச்சைக் கடதாசி சுற்றி, கணுவுக்குக் கணு கறுப்புக் கோடும் போட்டார். அன்று ராத்திரி தப்பு மேளச் சத்தத்தில் மலையே அதிர்ந்தது. அந்த வில்லைப் பார்த்து ஒருவரும் இது கரும்பில்லை என்று சொல்லவில்லை.

மறுநாள் விடிகாலை அப்பாயி கடதாசியைப் பிரித்தாள். கம்பு நிமிரவில்லை. அப்படியே மலைக்குக் கொண்டுபோனாள். அவளுக்குக் கம்பே தேவையில்லை, கையே மட்டம் பார்க்கும். ஆனால் அன்றைக்கு நின்ற கங்காணி கம்பு போட்டுக் காட்டச் சொல்லும் ஆள். போட்டாள். கம்பு நடுவில் தூக்கிக்கொண்டு நின்றது. என்ன கிழவி, செடியெல்லாம் இப்படிக் கோணல் என்று ஏசி, பறித்த நிரையைத் திரும்பப் போய்ப் பார்க்கச் சொன்னான். அந்த நேரமெல்லாம் போயிற்று. சாயங்காலம் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் எடை குறைந்தது. அரைப்பேர் போட்டார்கள். முழு நாள் மலையில் நின்றவளுக்கு அரை நாள் சம்பளம்.

கரும்பைத் தின்றவன் நான். எரிந்தவன் மன்மதன். அரைப்பேர் அப்பாயிக்கு.

அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேறு கம்பு வெட்டிக்கொண்டாள். அடுப்புக்காவது போடேன் என்று அம்மா சொன்னதற்கு, "மன்மதன் தொட்ட கம்புடி, எரிக்கலாமா" என்று வளையில் செருகிவைத்தாள். அங்கேயேதான் இத்தனை வருசமும் இருந்திருக்கிறது.

இதை எழுதும்போது துண்டு ஞாபகம் வருகிறது. நம் முன்னோர் காலத்தில், இவ்வளவு கடனை அடைத்தால் இவர்களை விடுவிக்கிறேன் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத்தான் துண்டு என்று பேர். அது இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடையாது. போகிற இடத்துக்குக் கடனும் கூடவே போகும். 1921இல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள். உங்கள் புத்தகத்துக் கோல் 8000 இறாத்தலோடு சரி. இந்தக் காகிதம் குடும்பம் குடும்பமாக அசையவிடாமல் பிடித்து வைத்திருந்தது. பொத்தான்கூடக் கிடையாது.

இந்தக் கம்பை உங்கள் விளையாட்டுக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன். பெயர், வளைந்த மட்டக்கம்பு. எதன்மேல் படுக்கப் போட்டாலும் அதற்கு மேலே தலை நீட்டுவதெல்லாம் கிள்ளுப்பட்டுப் போகும். அது கோட்டைக் கொடியாக இருக்கலாம், பூதத்தின் தலையாக இருக்கலாம். காய் உருட்டவே தேவையில்லை, தப்பாது. போடுகிறவனுக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவை போடும்போதும் எங்கோ ஒரு ஆளுக்கு அன்றைய நாளில் பாதி இல்லாமல் போகும். கூலியில் பாதியோ, சோற்றில் பாதியோ, வெளிச்சத்தில் பாதியோ. அது யார் என்று டன்ஜன் மாஸ்டரான உங்களுக்கு மட்டும் தெரியும். உங்கள் நண்பர்களிடம் சொல்லாதீர்கள். நாலு சனிக்கிழமை சந்தோசமாகப் போட்டு அடிக்கட்டும். ஐந்தாவது சனிக்கிழமை அந்த ஆள் வந்து கதவைத் தட்டட்டும். சண்டைக்கு வரக்கூடாது, குடிக்கத் தண்ணீர் கேட்டு வரவேண்டும். அப்புறம் மறக்கிறார்களா பாருங்கள்.

நீங்கள் என்ன கேட்டீர்கள் என்பதே எனக்குப் பாதி மறந்துவிட்டது. முப்பதில் இருபத்தொன்பது என்று சொன்னேன் இல்லையா? மிஞ்சிய ஒன்று உங்கள் பதினேழாம் நம்பர், பனிமூட்டத்தில் மட்டும் எரியும் டார்ச். ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், மின்னல் ஈட்டிக்கு ஒரு பக்கம். முன்னால் போகிற பஸ்ஸின் சிவப்பு விளக்குகூடத் தெரியாத ரோட்டில் நடந்த ஆள்தான் அதை எழுதியிருக்க முடியும். அதை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைக் கிழித்துப் போட்டாலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த டார்ச்சுக்கு பேட்டரி யார் வீட்டிலிருந்து வருகிறது? அதை மட்டும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.