தரையைத் தொடாத குண்டு: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஹிரோஷிமாவில் போட்ட அணுகுண்டு தரையைத் தொடவே இல்லையாமே. பிறகு எப்படி ஊரே அழிந்தது?

பதில்: தொடாததால்தான் அவ்வளவு அழிவு. 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15-க்கு ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. தரையில் வெடித்தால் பள்ளம் பறிப்பதிலேயே ஆற்றலில் ஒரு பங்கு போய்விடும். மேலே வெடிக்கும்போது நேராக வரும் அதிர்வலையும் தரையில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றுசேர்ந்து பக்கவாட்டில் ஓடும். குண்டிலிருந்த 64 கிலோ யுரேனியத்தில் பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. அதற்கே அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 1,40,000 உயிர்கள்.

கேள்வி: நாகசாகி குண்டு அதைவிடப் பெரியது. அங்கே சாவு ஏன் குறைவு?

பதில்: உரகாமி பள்ளத்தாக்கின் மேல் வெடித்ததால் நடுவிலிருந்த குன்றுகள் மற்ற பகுதிகளை ஓரளவு காத்தன. ஹிரோஷிமா ஆற்றுக் கழிமுகச் சமவெளி. போதாததற்கு மரவீடுகள். அங்கங்கே பிடித்த தீ ஒன்றுகூடித் தீப்புயலானது. இடிபாட்டில் உயிரோடு சிக்கியிருந்த பலர் அதில்தான் போனார்கள்.

கேள்வி: ஆயிரம் மடங்கு பெரிய குண்டு ஆயிரம் மடங்கு தூரத்தை அழிக்குமா?

பதில்: இல்லை. அதிர்வலை எட்டும் தூரம் பத்து மடங்கு, பரப்பு நூறு மடங்கு. ஆனால் வெப்பம் எட்டும் தூரம் அதைவிட வேகமாகக் கூடும்.

கேள்வி: கண்ணைப் பறிக்கும் வெளிச்சம் தெரிந்தால் என்ன செய்வது?

பதில்: தயவுசெய்து ஜன்னல் பக்கம் போகாதீர்கள். அதிர்வலை கிலோமீட்டருக்குச் சுமார் 3 நொடி பிந்தித்தான் வரும். 2013-இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே விண்கல் வெடித்தபோது காயமடைந்த சுமார் 1,500 பேரில் பெரும்பாலோரைக் கிழித்தது கண்ணாடிச் சில்லு. குப்புறப் படுத்து முகத்தை மூடிக்கொள்ளுங்கள்.

அலை கடந்ததும் கான்கிரீட் கட்டடத்தின் நடு அறைக்கோ நிலவறைக்கோ போய்க் குறைந்தது 24 மணி நேரம் இருங்கள். வெடித்தபின் வந்து படியும் கதிர்வீச்சுத் தூசிக்குப் பயந்துதான் இது. வெடித்ததிலிருந்து கழிந்த நேரம் ஏழு மடங்கானால் அதன் வீரியம் பத்தில் ஒன்றாகும்: முதல் மணியில் 100 என்றால் ஏழாவது மணியில் 10, இரண்டு நாளில் 1. மேலுடையைக் கழற்றிப் பையில் கட்டித் தள்ளி வையுங்கள். குளிக்கச் சோப்பு, ஷாம்பு போதும். கண்டிஷனர் கூடவே கூடாது, தூசியை முடியோடு ஒட்டவைத்துவிடும்.

கேள்வி: அயோடின் மாத்திரை வாங்கி வைக்கலாமா?

பதில்: அது தைராய்டை மட்டும் காக்கும்.

கேள்வி: மருத்துவமனைகள் தாங்குமா?

பதில்: தாங்காது. ஹிரோஷிமாவில் மருத்துவர், செவிலியரில் பத்துக்கு ஒன்பது பேர் இறந்தார்கள் அல்லது காயமடைந்தார்கள். செஞ்சிலுவை மருத்துவமனையில் பயன்படுத்தாமல் வைத்திருந்த எக்ஸ்ரே ஃபிலிம்கள் கதிர்வீச்சு பட்டு, படம் எடுக்காமலே கறுத்திருந்தன. விழுந்தது சாதாரணக் குண்டல்ல என்பதற்கு அங்கே கிடைத்த முதல் தடயங்களில் அதுவும் ஒன்று.