மலை வீட்டுக்குக் கிழக்கு ஜன்னல்

ஐயா, வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறைப் பக்கம், ஒரு சின்னக் கல் வீடு வாங்கியிருக்கிறோம். கரண்ட் அடிக்கடி போகிறது, ஹீட்டரை நம்ப முடியாது. வெயிலையும் விறகையும் வைத்தே வீட்டைச் சூடாக்கும் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்க்கிறேன். தெற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி போடச் சொல்கிறார்கள். பழைய கேஸ் சிலிண்டரை அறுத்து அடுப்பு செய்யலாம் என்றும் இருக்கிறேன். அதுவரை ராத்திரிக்குக் கரிச்சட்டி வைத்துக்கொள்ளலாமா?

– இரா. க., கடலூர்

அன்புள்ள இரா. க. அவர்களுக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கரிச்சட்டி வேண்டவே வேண்டாம். கரி புகையாமல் கனல்வதால் பயமில்லை என்று தோன்றும். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, கண்ணும் கரிக்காது. ரத்தத்தில் ஆக்சிஜன் சேர வேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பற்றிக்கொள்ளும். விழித்திருப்பவருக்காவது தலை வலிக்கும். தூங்குகிறவருக்கு ஒன்றும் தெரியாது. குளிருக்குக் கரி மூட்டிக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்ற செய்தி கொடைக்கானலிலிருந்தே வந்திருக்கிறது. இன்று ராத்திரிக்குக் கம்பளியும் வெந்நீர்ப் பையும் போதும்.

இனி கண்ணாடிச் சுவர். வீடியோவில் பேசுகிறவர்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. வடக்கே 50 டிகிரி அட்சரேகையில் டிசம்பர் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 17 டிகிரிகூட ஏறாது. ஏழடி உயரத் தெற்கு ஜன்னல் வழியாக வெயில் இருபது அடிக்கும் மேல் உள்ளே போகும். கொடைக்கானல் 10 டிகிரியில் இருக்கிறது. அங்கே அதே நாளில் சூரியன் 56 டிகிரி உயரத்தில் நிற்கும்; அதே ஜன்னலில் ஐந்தடிகூட வெயில் உள்ளே வராது. அதையும் ஒரு தாழ்வாரம் மறைத்துவிடும். ராத்திரியிலோ அந்தக் கண்ணாடி முழுவதும் சூட்டை வெளியே விடும்.

உங்களுக்கு வேண்டியது காலை வெயில். மார்கழியில் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதில்லை, தென்கிழக்கே ஒதுங்கி எழும். கிழக்கு, தென்கிழக்கு ஜன்னல்களில் தாழ்வான வெயில் எதிர்ச்சுவர் வரை போய் விழும். ஒரு மணி நேரப் பயணத்தில் புதுச்சேரி ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி இருக்கிறதே, அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து 1930களின் கடைசியில் கட்டத் தொடங்கியது, அதை வெளியிலிருந்தாவது பாருங்கள். நீளப் பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும். கிழக்கிலும் மேற்கிலும் வெயில் தாக்க ஒடுக்கமான ஓரங்கள்தான். நம் புழுக்கத்துக்கு அவர்கள் எதை மூடினார்களோ, அதைத்தான் நீங்கள் மலைக்குளிருக்குத் திறக்கிறீர்கள்.

உறைபனி விழுவது மேகமில்லாத இரவுகளில். அந்த நாட்களில் பகலிலும் பெரும்பாலும் நல்ல வெயில் இருக்கும். அதாவது குளிர் அதிகமான இரவுக்கு முன்னால் உங்களுக்குச் சூடு கிடைத்துவிடுகிறது, பிடித்து வைக்கத்தான் ஏற்பாடு வேண்டும். கல் சுவர் கொஞ்சம் பிடிக்கும். அதே இடத்தை அடைக்கும் தண்ணீர் கல்லைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பிடிக்கும். வெயில் விழும் இடத்தில் கறுப்புப் பெயின்ட் அடித்த 200 லிட்டர் டிரம் ஒன்றை நிறைத்து வையுங்கள். அது 10 டிகிரி ஆறும்போது இரண்டேகால் யூனிட்டுக்குச் சமமான சூட்டை அறைக்குள் விடும். நாலு டிரம் என்றால் ஒன்பது யூனிட்! வெயில் போனதும் ஜன்னலுக்குத் தடித்த திரை, தகரக் கூரைக்கு அடியில் இடைவெளி விட்டு ஒரு பலகைச் சீலிங், கதவிடுக்குகளுக்கு அடைப்பு. செலவை இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அடுப்பு எதற்கு? ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள்கணக்கில் மூட்டம் போட்டிருக்குமே, அதற்கு. சிலிண்டரை மட்டும் அறுக்காதீர்கள். காலி என்று நினைப்பதில் மிச்சமிருக்கும் கேஸ் வெட்டும் பொறியில் வெடிக்கும். தவிர, சிலிண்டர் கம்பெனியின் சொத்து. நல்ல வெல்டிங் பட்டறையில் 5 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் பெட்டி செய்யச் சொல்லுங்கள். கதவு இறுக மூட வேண்டும், காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு திறப்பு வேண்டும். புகைக்குழாய் முடிந்தவரை நேராக ஏறிக் கூரை முகட்டைத் தாண்டட்டும். ஜிங்க் பூசிய தகரக் குழாயை அடுப்புக்குப் பக்கத்தில் போடக் கூடாது, சூடேறினால் நச்சுப்புகை வரும். அறைக்கு வெளிக்காற்று வர ஒரு துளை எப்போதும் திறந்தே இருக்கட்டும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் வாங்கிவிடுங்கள், பேட்டரியில் ஓடும்.

விறகு விஷயத்தில் கடலூர்க்காரருக்குச் சவுக்கு பழகியிருக்கும். சவுக்கு ஈரமாக இருந்தாலும் எரிந்துவிடும். மலையில் கிடைக்கும் மற்ற விறகு அப்படியில்லை, பச்சை மரத்தில் எடையில் பாதி தண்ணீராகவே இருக்கலாம். அதை எரித்தால் புகைக்குழாயில் தார் படியும், ஒருநாள் அந்தத் தாரே தீப்பிடிக்கும். பிளந்து, மழை படாமல் காற்றோட்டமாக அடுக்கி, குறைந்தது ஒரு கோடை காயவிடுங்கள். காய்ந்த விறகு கிலோவுக்கு ஏறத்தாழ நாலு யூனிட் சூடு தரும்; மூடிய இரும்பு அடுப்பில் அதில் பாதிக்கு மேல் அறைக்கே வரும். திறந்த கணப்பில் பெரும்பகுதி புகைக்குழாயோடு போய்விடும்.

வீட்டின் வரைபடத்தை அனுப்புங்கள். கிழக்கே எவ்வளவு உயரத்தில் மலை மறைக்கிறது என்பதையும் குறித்து அனுப்புங்கள். அந்தப் பக்கம் செங்குத்தாக மலை இருந்தால் வெயில் ஒன்பது மணிக்கு மேல்தான் எட்டிப்பார்க்கும். அப்போது ஜன்னலைத் தெற்குப் பக்கம் கொஞ்சம் நகர்த்திக் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

அன்புடன்.