கேளுங்கள், சொல்கிறோம்: வைல்டு சொன்னாரா, வாட்ஸ்அப் சொன்னதா?

கே: எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தினமும், 'நீ நீயாக இரு, மற்ற எல்லாராகவும் இருக்க ஏற்கெனவே ஆள் இருக்கிறது' என்று போட்டு, கீழே ஆஸ்கார் வைல்டு என்கிறார். நிஜமா?
- வாசகி, செம்பூர்

ப: இல்லைங்க. வைல்டு பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரிஷ் எழுத்தாளர், நாடகாசிரியர்; அவர் எழுதியது எதிலும் இது கிடையாது. 1882-ல் அமெரிக்காவில் இறங்கியபோது சுங்க அதிகாரியிடம் 'என் மேதைமையைத் தவிர வேறொன்றும் கொண்டுவரவில்லை' என்றாராமே, அதற்கும் அந்தச் சமயத்துப் பதிவு எதுவும் கிடைக்கவில்லை. யார் சொன்னது என்று தெரியாத கெட்டிக்காரப் பேச்சையெல்லாம் அவர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

கே: 'உண்மை சுத்தமாக இருப்பது அபூர்வம், எளிமையாக இருப்பதே இல்லை' என்கிறார் வைல்டு. இன்னொரு இடத்தில், ஒருவருக்கு மேல் நம்பிவிட்டால் அது உண்மையே இல்லை என்கிறார். 'எதையும் நம்பாத ஆள், இவரைப் போய்ப் படிக்கிறீர்களே' என்று என் மாமனார் திட்டுகிறார். வைல்டு என்னதான் நம்பினார்?
- வாசகர், மாட்டுங்கா

ப: முதலாவது அவர் பேச்சே இல்லை, அவருடைய பாத்திரத்தின் பேச்சு. 1895 பிப்ரவரி 14 அன்று லண்டனில் மேடையேறிய நாடகத்தில், கிராமத்தில் ஜாக், பட்டணத்தில் எர்னஸ்ட் என்று இரண்டு பெயரில் திரியும் ஒருவன், மாட்டிக்கொண்ட பிறகு 'இதுதான் சுத்தமான, எளிமையான உண்மை' என்கிறான்; அதற்கு நண்பன் அடிக்கும் பதிலடி அது. வில்லன் பேசியதை வசனகர்த்தாவின் கொள்கை என்று எடுத்துக்கொண்டால் நம் சினிமாக்காரர்கள் பாதிப் பேர் ஜெயிலில்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது அவரே தன் பெயரில் எழுதியது. 1894 டிசம்பரில், ஒரே இதழோடு நின்றுபோன ஒரு ஆக்ஸ்போர்டு மாணவர் பத்திரிகையில், இளைஞர்களுக்கான பொன்மொழிகள் என்று கிண்டலாக வந்தது. நாலே மாதத்தில் அது கோர்ட்டுக்குப் போனது. ஆண்களோடு உறவு வைப்பவர் என்று தன்னைச் சாடிய குவீன்ஸ்பரி பிரபு மேல் இவர் போட்ட அவதூறு வழக்கில், எதிர்த்தரப்பு வக்கீல் கார்சன் (டப்ளினில் இவரோடு ஒரே கல்லூரியில் படித்தவர்) அந்த வரிகளை ஒவ்வொன்றாக வாசித்து, 'இது உண்மை என்று நினைக்கிறீர்களா?' என்று கேட்டார். 'நான் எழுதுவது எதையும் உண்மை என்று நான் நினைப்பது அபூர்வம்' என்றார் வைல்டு. 'மதங்கள் உண்மை என்று நிரூபிக்கப்பட்டால் செத்துவிடும்' என்பது இளைஞர்களுக்கு நல்லதா என்றதற்கு, சிந்திக்கத் தூண்டுகிறதே என்றார். உங்கள் மாமனார் கேட்பதும் கார்சன் கேள்விதான். ஆள் நம்பியது யோசனையைக் கிளப்புவதை, முடிவு சொல்வதை இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அப்புறம் நடந்தது கொடுமை. வழக்கு இவர் மேலேயே திரும்பி, மே 25-ல் இரண்டு வருஷக் கடுங்காவல், அதுவும் இந்த வரிகளுக்காக இல்லை, ஆண்களோடு உறவு வைத்திருந்ததற்காக.

கே: 'அனுபவம் என்பது நம் தப்புகளுக்கு நாம் வைக்கும் பெயர்.' இதாவது அவருடையதா?
- வாசகர், தாராவி

ப: எழுதியது அவரே, 1892 நாடகத்தில் ஒரு பாத்திரத்துக்காக. ஆபீசில் அப்ரைசல் சமயத்தில் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

கே: பிளஸ் டூ படிக்கும் பையனுக்கு வைல்டைக் கொடுக்கலாமா சார்?
- வாசகி, முலுண்ட்

ப: தாராளமாக. மேற்கோள் தொகுப்பு மட்டும் வேண்டாம். நம் மும்பை ஃப்ளோரா ஃபவுண்டன் பக்கம் நடைபாதைப் பழைய புத்தகக் கடைகளில் தேடுங்கள், நாடகங்கள் கிடைக்கலாம். ஒரு சாயங்காலத்தில் ஒன்றை முடித்துவிடுவான். ரெடிங் சிறையைப் பற்றி 1898-ல் அவர் வெளியிட்ட நீண்ட கவிதையைக் கொஞ்சம் வளர்ந்த பிறகு கொடுங்கள். அதில் வேடிக்கைப் பேச்சு கிடையாது, முதலில் வந்தபோது ஆசிரியர் பெயர்கூடக் கிடையாது, அவர் இருந்த சிறை அறையின் எண்தான் இருந்தது.